வார் சோட் நா யார்

வார் சோட் நா யார்: ‘போரை விட்டுவிடப்பா’ எனப் பொருள்படும் தலைப்புடன் 2013 அக்டோபர் 11இல் வெளிவந்த இந்தித் திரைப்படம். இந்தியாவின் முதல் போர் நகைச்சுவைப் படம் என்று விளம்பரம் பெற்றது. இயக்கம்: ஃபராஸ் ஹைதர்.

முன் வரலாறு: யுத்தத்தைக் கண்டு நகைக்கும் சினிமா முதல் உலகப் போரிலேயே தோன்றியது. போர் ஓய்வதற்குச் சில வாரங்களே இருந்த 1918 அக்டோபரில் சார்லி சாப்ளின் வெளியிட்ட ‘ஷோல்டர் ஆர்ம்ஸ்’ படத்தில், அடிமரம்போல் வேடம் புனைந்து பகைவரின் பாசறைக்குள் நிற்கும் சிப்பாய், விறகு வெட்ட வரும் ஜெர்மானியனைத் தன் கிளையாலேயே அடித்து வீழ்த்துகிறான். அச்சமும் ஹாஸ்யமும் ஒரே கணத்தில் கலக்கும் அந்தக் காட்சியே இவ்வகைக்கு இலக்கணம். 1940இல் அவரே ‘தி கிரேட் டிக்டேட்டர்’ வாயிலாக ஹிட்லரைப் பரிகசித்தார். 1979இல் ஸ்பீல்பெர்க் எடுத்த ‘1941’ படத்திலோ பிரம்மாண்டமும் இரைச்சலும் சிரிப்பை விழுங்கிவிட்டன. தமிழில் 1945இல் வந்த ‘பர்மா ராணி’, ‘மானசம்ரட்சணம்’ ஆகியவை யுத்தத்தைப் பரிகசிக்க வந்தவையல்ல. பிரிட்டிஷ் அரசின் யுத்த முயற்சிக்குத் துணைநிற்க வந்தவை.

கதை: எல்லையின் இருபுறமும் காவல் நிற்கும் இந்தியக் கேப்டனும் (ஷர்மன் ஜோஷி) பாகிஸ்தானியக் கேப்டனும் (ஜாவேத் ஜாஃப்ரி) நண்பர்கள். முள்வேலிக்கு அப்பாலும் இப்பாலுமிருந்து வீரர்கள் அந்தாக்ஷரி பாடிப் பொழுதைக் கழிக்கையில், மேலிடத்து அரசியல்வாதிகள் போரை மூட்டுகின்றனர். செய்தி திரட்டவரும் தொலைக்காட்சி நிருபராகச் சோஹா அலி கான் தோன்றுகிறார். பல நாட்டு அரசியல்வாதிகளாகவும் தலீப் தாஹில் ஒருவரே நடித்திருப்பது, ஆள்வோர் எந்நாட்டவராயினும் முகம் ஒன்றே என்னும் கருத்தைச் சொல்லாமற் சொல்கிறது.

மதிப்பீடு: புதுக்கோட்டை, ஆலங்குடி வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமண நாடகத்தைக் கண்டவர்கள், பபூன் புத்தி சொல்லும்போதும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொல்வதில்லை என்பதை அறிவார்கள். இப்படமோ அந்தாக்ஷரிக் காட்சியில் தானே எழுந்த ஹாஸ்யத்தைப் பிற்பாதியில் கைவிட்டு, சமாதான உபதேசத்தில் இறங்கிவிடுகிறது. வேலிக்கு இருபுறமும் ஒலித்த பாட்டே போரின் வீண்மையை உணர்த்திவிட்ட பின்னர், அதை வசனத்தால் மறுபடி உணர்த்த வேண்டிய தேவை இருக்கவில்லை. நல்ல கருவுக்கு நேர்ந்த இந்நிலை வருந்தத்தக்கது.

வசூலிலும் படம் வெற்றி பெறவில்லை.