கல்லூரிக் களமும் தகுதி விதியும்

1976ஆம் ஆண்டில் ரெனே ரிச்சர்ட்ஸ் என்னும் திருநங்கை, அமெரிக்க ஓப்பன் டென்னிஸில் மகளிர் பிரிவில் ஆட விழைந்தார். சங்கத்தார் குரோமோசோம் சோதனை வேண்டும் என்றனர். அவர் வழக்குத் தொடுத்து 1977இல் வென்றார். 43 வயதில் களம் இறங்கி, ஒற்றையர் முதற்சுற்றிலேயே வர்ஜீனியா வேடிடம் தோற்றார்.

அமெரிக்கத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2011இல் வேறோர் அளவுகோலை எடுத்தது. திருநங்கை மாணவி ஓராண்டு டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் சிகிச்சை பெற்ற பின்னரே மகளிர் அணியில் போட்டியிடலாம் என்றது. ஆண் பருவ வளர்ச்சியில் பெற்ற உயரமும் எலும்பும் மருந்தால் மாறுமோ என்னும் வினா அப்போதே இருந்தது. 2022 ஜனவரியில் சங்கம் அப்பொறுப்பை அந்தந்த விளையாட்டின் தேசிய அமைப்பிடம் விட்டது. மார்ச்சில் லியா தாமஸ் 500 கெஜ நீச்சலில் முதலிடம் பெற்றதும் பூசல் வலுத்தது. அவருக்குப் பின்னால் நீந்தி வந்தோரும் மாணவியரே. அவர்தம் மனக்குறையைப் பொறாமை என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை.

ஆயினும் 2024 டிசம்பரில் சங்கத் தலைவர் செனட் குழுவின் முன் கூறிய கணக்கைப் பாருங்கள்: 5,10,000 வீரர்களுள் தாம் அறிந்த திருநர் பத்துப் பேருக்கும் குறைவு! 2025 பிப்ரவரியில், குடியரசுத் தலைவரின் ஆணை பிறந்த மறுநாளே, பிறப்பில் குறித்த பாலே அளவுகோல் ஆயிற்று. 2021இல் கல்லூரி புகுந்த மாணவி, நான்காண்டில் மூன்று விதிகளைக் கண்டாள். கடைசி விதி அவளை மகளிர் அணியோடு பயிற்சி செய்ய விட்டது. போட்டியில் இறங்க விடவில்லை.