முனை கீழாக: ஆதிச்சநல்லூர் இரும்பும் ஒரு பட்டியலின் செல்வாக்கும்

ஆதிச்சநல்லூர் இரும்புக் கருவிகளைப் பற்றிய ஒரு கருத்து நெடுங்காலமாகக் கேள்விக்கு உள்ளாகாமலே வழங்கிவருகிறது. தாழியில் புதைக்கப்பட்டவரின் சொந்த ஆயுதங்களே அவரோடு வைக்கப்பட்டன. ஆகவே வாளும் ஈட்டியும் மிகுந்த இந்த ஈமக்காடு போர்த்தொழில் மேலோங்கிய ஒரு சமுதாயத்துக்கு உரியது என்பதே அது. ஆயுதம் உள்ள தாழி உயர்ந்தோருடையது, இல்லாதது எளியோருடையது என்று தரம் பிரிக்கும் அளவுக்குச் சிலர் இதை நீட்டியிருக்கிறார்கள். இக்கட்டுரைக்கு அதில் உடன்பாடில்லை. மறுப்புக்கான சான்று புதிய அகழாய்வில் கிடைத்ததன்று. அலெக்சாண்டர் ரே எழுதிவைத்ததிலேயே இருக்கிறது.

ரே 1899 தொடங்கிச் சில பருவங்கள் இங்கே தோண்டினார். அவர் விட்டுச்சென்ற எழுத்து இருவகை. ஒன்று, தொல்லியல் துறையின் 1902-03ஆம் ஆண்டறிக்கை போன்றவற்றில் வெளியான கள விவரிப்பு. மற்றொன்று, 1915இல் சென்னையில் அச்சான பட்டியல். ஆதிச்சநல்லூரோடு பெரும்பேர்ப் பொருள்களையும் சேர்த்துத் தருவது. பின்வந்தோர் பெரிதும் கையாண்டது பட்டியலைத்தான். படங்களும் எண்களும் அளவுகளும் ஓரிடத்தில் கிடைக்கும்போது, பழைய ஆண்டறிக்கையைத் தேடிப் புரட்ட யாருக்குப் பொறுமை இருக்கும்?

பட்டியலின் அடுக்குமுறை பொருள்வகை சார்ந்தது. பொன் ஓரிடம், வெண்கலம் ஓரிடம், இரும்பு ஓரிடம், மட்கலம் ஓரிடம். ஒரே தாழியிலிருந்து வந்த நெற்றிப்பட்டமும் கிண்ணமும் அங்கே வெவ்வேறு பக்கங்களுக்குப் போய்விடுகின்றன. அருங்காட்சியக அலமாரியும் பெரும்பாலும் இதே வழியில்தான் அமைகிறது. வாள்களை நீளவாரியாகப் படுக்கவைத்து, ‘போர்க்கருவிகள்’ என்று ஒரு விளக்கச் சீட்டு வைத்தால், பார்ப்பவர் படைக்கலக் கொட்டிலையே காண்கிறார். போர்ச் சமுதாயம் என்ற முடிவு மண்ணில் கிடைத்ததைக் காட்டிலும் இந்த அடுக்கில்தான் அதிகம் பிறந்தது என்று கருதுகிறேன்.

இனி, கள விவரிப்பில் ரே சொல்வதைப் பார்க்கலாம். இரும்புக் கருவிகள் எப்போதும் முனை கீழாகவே இருந்தன என்கிறார். இறுதிச் சடங்குக்கு வந்தோர் சுற்றியிருந்த மண்ணில் அவற்றைக் குத்திவைத்ததுபோல் இருந்தது என்றும் சேர்க்கிறார். இவை இரண்டும் வேறுவேறு தரத்துக் கூற்றுகள். முனை கீழே இருந்தது கண்டது. வந்தோர் குத்தினார்கள் என்பது ஊகம். ‘போல்’ என்று அடக்கத்தோடுதான் அவரே எழுதுகிறார். இந்த ஊகத்தை வெறும் அலங்காரம் என்று தள்ளிய ஆய்வு மரபு, கண்டதையும் அதோடு சேர்த்தே தள்ளிவிட்டது.

கேள்வி இதுதான்: அந்த மண் எது? தாழிக்குள் இருந்த மண்ணா, தாழிக்கும் குழிச்சுவருக்கும் இடையில் இருந்த மண்ணா? உள்ளே என்று கொள்வதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. புதைக்கும் நேரத்தில் தாழிக்குள் இருந்தவை எலும்பும் கலங்களும். பிற்காலத்தில் கசிந்து இறங்கிய மண்ணில் அன்று வந்தோர் எதையும் குத்தியிருக்க இயலாது. மேலும் நெல், தினை முதலியவற்றின் உமியைக் குறிப்பிடும்போது, தாழிகளின் உள்ளே இருந்த பானைகளில் கிடைத்தது என்று ரே இடத்தைத் தெளிவாகச் சொல்கிறார். உள்ளே என்றால் உள்ளே என்று எழுதத் தெரிந்தவர் இரும்புக்கு மட்டும் சுற்றியிருந்த மண்ணைச் சொல்வானேன்? குழியின் அமைப்பும் இதற்கு இடம் தருகிறது. மேலே சில அடிக்குப் பருக்கைக்கல் மண், அதன்கீழ் சிதைந்த படிகப் பாறை. அந்தப் பாறையைக் குடைந்து, தாழிக்கும் தாழிக்கும் நடுவே பாறைத் திட்டு விட்டு இறக்கியிருக்கிறார்கள். இறக்கியபின் சுற்றிலும் மண் தள்ளி நிரப்பும் கட்டம் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். கருவியைக் குத்த வாய்ப்பான நேரம் அது.

இந்த வாசிப்பு சரியானால் பொருள் மாறிவிடுகிறது. தாழிக்குள் வைத்தது இறந்தவருக்கு. வெளியே மண்ணில் குத்தியது குழியைச் சுற்றி நின்றவர்களின் செயல். ஒருவேளை அவர்களுடைய கருவியும்கூட. அப்போது ஒரு தாழியருகே கிடைத்த ஈட்டிகளின் எண்ணிக்கை இறந்தவரின் வீரத்தையோ தகுதியையோ அளக்காது. வந்து நின்ற உறவுக்கூட்டத்தின் அளவை வேண்டுமானால் காட்டலாம்.

எல்லா இரும்பும் வெளியேதான் இருந்தது என்று நான் வாதிடவில்லை. ‘எப்போதும்’ என்ற ரேயின் சொல்லை அப்படியே நம்பவும் வேண்டியதில்லை. தோண்டியவர்கள் கூலியாட்கள், மேற்பார்வை மட்டுமே அவருடையது. இரும்பில் மண்வெட்டியும் உண்டு. அதற்கு முனை ஏது? ஆனால் அந்த மண்வெட்டியே போர்ச் சமுதாய வாதத்துக்கும் இடைஞ்சல்தான். இங்கே வெண்கலத்தில் ஆயுதமே இல்லை, அணியும் கலமும் விலங்கு, பறவை உருவங்களுமே உண்டு என்பதைக் காட்டி, இரும்பு முழுவதும் போருக்கு என்பார்கள். இரும்பு உழைப்பின் உலோகமாக இருந்தாலும் இதே பிரிவினைதான் இருந்திருக்கும்.

நீண்ட கருவியை ஆழமான குழியில் போட்டால் தானே முனை கீழாக நிற்கும் என்ற விளக்கம் நீண்ட ஆய்வுக்குரியதன்று. போட்டவை பல நிலையிலும் கிடந்திருக்கும். சங்கப் பாட்டைத் துணைக்கு அழைப்போரும் உண்டு. தாழி வனையும் குயவனை விளிக்கும் புறநானூற்றுப் பாடல்கள் 228, 256 இரண்டிலும் தாழிக்குள் ஆயுதம் வைத்ததாக ஒரு சொல்லும் இல்லை. காலமும் வேறு, அவற்றை இங்கே இழுக்காமல் இருப்பதே நல்லது.

இதைச் சோதிக்க வழியுண்டு. பருக்கைக்கல் மண்ணில் நட்டு நின்ற இரும்பு துருப்பிடிக்கையில் பக்கத்துக் கல்துணுக்குகளைத் துருவோடு பற்றிக்கொள்ளும். தாழிக்குள் கலங்களிடையே கிடந்ததில் நுண்மண் மட்டுமே ஒட்டியிருக்கும். துரு நீக்கித் துலக்கிய வாள்களில் இந்தச் சான்று போயிருக்கும். காட்சிக்கு ஆகாதென்று ஒதுக்கிய உடைசல்களில் அது எஞ்சியிருக்கலாம். சேகரிப்பில் அழகான துண்டைவிட அழுக்கான துண்டுக்கு மதிப்பு கூடும் அரிய இடம் இது. 1876இல் இங்கே அகழ்ந்த யாகோர் என்பவர் பெர்லினுக்குக் கொண்டுபோன கருவிகளுக்கும் இதே சோதனை பொருந்தும்.

2023 ஆகஸ்டில் தொல்லியல் துறை ஆதிச்சநல்லூரிலேயே தளக் காட்சியகத்தைத் திறந்தது. அகழ்ந்த குழியின்மேல் கண்ணாடி பதித்திருப்பதால், தாழிகளைக் கிடந்த நிலையிலேயே மேலிருந்து பார்க்கலாம். பட்டியல் பிரித்துவைத்த பொருள்கள் மறுபடி ஒன்றுசேரும் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது. அங்கும், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும், இரும்பின் விளக்கச் சீட்டில் ‘போர்க்கருவி’ என்ற சொல் இடம்பெறக் கூடாது. ‘இரும்புக் கருவி, முனை கீழாகக் கிடைத்ததாக ரே குறிப்பு’ என்பதே சான்று அனுமதிக்கும் அளவு. 1915 பட்டியலின் எண்களை ஆண்டறிக்கையின் தாழி விவரங்களோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கும் வேலையும் இதோடு நடக்க வேண்டும். அதற்கு ஓரடி மண்ணைக்கூடத் தோண்டத் தேவையில்லை.