கோடைக்கால முகாமுக்கு வந்த ஒளித் துப்பாக்கி



பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கான முகாம் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். படகு வலித்தல், கயிறேற்றம், இரவு நடை என்று நீளும் பட்டியலில் 'வெளிப்புற லேசர் டேக்' என்பதும் இடம்பிடித்திருக்கிறது. பிள்ளைகளின் கண் முதலில் அங்கேதான் போகிறது. பெற்றோரின் கண்ணும் அங்கேதான் போகிறது, ஆனால் காரணம் வேறு. "ஒழுக்கம் கற்கட்டும் என்று முகாமுக்கு அனுப்புகிறோம். அங்கே கையில் துப்பாக்கியைக் கொடுத்து ஒருவரையொருவர் சுடச் சொல்வதா?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்விதான். இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது, யார் எதற்காகச் செய்தார்கள், எங்கே விபரீதம் நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டு பதில் தேடினால் பயன் அதிகம். அதற்காக இன்று கொஞ்சம் அமெரிக்க வரலாற்றைப் புரட்டுவோம். கோடைக்கால முகாம் வளர்ந்ததும் அங்கேதான், லேசர் டேக் பிறந்ததும் அங்கேதான்.

போர்க்காலத்தில் பிறந்த முகாம்

1861-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர் ஏப்ரல் மாதம் தொடங்கியது. கனெக்டிகட் மாநிலத்தில் வாஷிங்டன் என்றொரு சிற்றூர். தலைநகர் வாஷிங்டனோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே பிரெடரிக் கன் என்ற ஆசிரியரும் அவர் மனைவி அபிகேலும் ஓர் உறைவிடப் பள்ளி நடத்தி வந்தார்கள். கன், அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்தவர்.

போர்ச் செய்தி வந்ததும் பள்ளிப் பையன்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போர்வீரர்களைப் போல் அணிவகுத்து நடக்க வேண்டும், கூடாரத்தில் தூங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். கன் அதற்குத் தடை போடவில்லை. அந்தக் கோடையில் பள்ளியையே கிளப்பிக்கொண்டு, ஏறக்குறைய 64 கிலோமீட்டர் தொலைவில் இருந்த மில்ஃபோர்ட் கடற்கரைக்கு நடந்தே அழைத்துச் சென்றார். அங்கே கூடாரம் அடித்தார்கள், மீன் பிடித்தார்கள், படகு விட்டார்கள். அமெரிக்காவின் முதல் ஒழுங்கமைக்கப்பட்ட முகாம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் குறிப்பிடுவது இதைத்தான்.

பையன்களின் மனத்தில் இருந்தது போர் ஆசை. கன் அதை நடைப்பயணமாகவும் கூட்டு வாழ்க்கையாகவும் திருப்பிவிட்டார். முகாம் என்ற ஏற்பாட்டின் விதையிலேயே போர் விளையாட்டு கலந்திருக்கிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்திலும் கதை ஏறக்குறைய இதுதான். தென்னாப்பிரிக்கப் போரில் மாஃபெக்கிங் நகரைக் காத்துப் புகழ்பெற்ற படைத் தளபதி பேடன் பவல், 1907 ஆகஸ்டில் சுமார் 20 பையன்களை பிரௌன்சி தீவுக்கு அழைத்துச் சென்று முகாம் நடத்தினார். சாரணர் இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. தடம் பார்த்தல், ஒளிந்து நகர்தல், சைகை அனுப்புதல் எல்லாம் படையின் ஒற்றர் கலையிலிருந்து வந்தவை. 20-ஆம் நூற்றாண்டின் அமெரிக்க முகாம்களில் பிள்ளைகளை நிறவாரியாக இரண்டு அணியாகப் பிரித்துப் பல நாள் போட்டி வைக்கும் வழக்கம் பரவியது. அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'நிறப் போர்'.

ராணுவம் செய்த கருவி

இனி லேசருக்கு வருவோம். வியட்நாம் போருக்குப் பின் அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு சிக்கல் இருந்தது. பயிற்சியில் வெற்றுத் தோட்டாவைத்தான் சுட முடியும். அப்படியானால் யார் யாரைச் சுட்டார் என்று எப்படித் தீர்மானிப்பது? நம் பிள்ளைகள் விளையாடும் 'கள்ளன் போலீஸ்' ஆட்டத்தில் "பட்டுவிட்டது", "படவே இல்லை" என்று நடக்கும் அதே சண்டைதான்!

1970-களின் பிற்பகுதியில் அதற்கு விடை கிடைத்தது. மைல்ஸ் என்பது அந்தக் கருவியின் சுருக்கப் பெயர். துப்பாக்கிமுனையில் ஒரு சிறு லேசர் பெட்டி. வெற்றுத் தோட்டா வெடித்ததும் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை ஒன்று பாயும். எதிராளியின் தலைக்கவசத்திலும் மேல்வாரிலும் உள்ள உணர்கருவிகளில் அது பட்டால் 'பீப்' என்று விடாமல் ஒலிக்கும். சத்தத்தை நிறுத்த வேண்டுமானால், அவர் தன் லேசர் பெட்டியில் உள்ள சாவியைக் கழற்றி மேல்வாரில் செருக வேண்டும். சாவியைக் கழற்றிய நொடியே அவருடைய லேசர் செயலிழந்துவிடும். வாதாடுவதற்கு இடமே இல்லை! நம் நாட்டில் தேசிய சேவை செய்த அண்ணன்மார் பலருக்கு இந்த வகைப் பயிற்சிக் கருவி புதிதல்ல.

ராணுவம் ஒரு பக்கம் இருக்க, விளையாட்டு உலகம் தன் வழியில் அதே யோசனைக்கு வந்து சேர்ந்தது. 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படம் ஜார்ஜ் கார்ட்டர் என்ற அமெரிக்கருக்கு ஓர் எண்ணத்தைக் கொடுத்தது. 1984 மார்ச்சில் டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் 'ஃபோட்டான்' என்ற உள்ளரங்கை அவர் திறந்தார். தலைக்கவசம், மார்பில் உணர்கருவி, இடுப்பில் மின்கலம், இரண்டு அணிகள், குறித்த நேரம். பணம் கட்டி உள்ளே போனால் விளையாட்டு, நேரம் முடிந்தால் வெளியே. இந்த 'நான்கு சுவர்' விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

சுடாமல் வென்றவர்

இதே காலத்தில் காட்டுக்குள் வேறொரு விளையாட்டும் பிறந்தது. நகரவாசி சமாளிப்பாரா, நாட்டுப்புறத்தார் சமாளிப்பாரா என்று நண்பர்களுக்குள் எழுந்த வாதம் அதன் தொடக்கம். 1981 ஜூன் 27 அன்று நியூ ஹேம்ப்ஷயர் மாநிலத்தின் ஹெனிக்கர் என்ற ஊரில் 12 பேர் காட்டுக்குள் இறங்கினார்கள். மரங்களுக்கும் மாடுகளுக்கும் அடையாளச் சாயம் அடிக்கும் துப்பாக்கிதான் கையில். கொடிகளைச் சேகரித்துக்கொண்டு, சாயம் படாமல் வெளியே வர வேண்டும். இன்றைய 'பெயின்ட்பால்' அன்று பிறந்தது. வென்றவர் யார் தெரியுமா? காட்டைப் பற்றி நன்கு அறிந்த வனத்தொழில் நிபுணர் ஒருவர். அவர் கடைசிவரை ஒரு முறைகூடச் சுடவில்லை!

பெயின்ட்பால் பரவினாலும் சின்னப் பிள்ளைகளின் முகாமுக்கு அது எளிதில் பொருந்தவில்லை. சாய உருண்டை வினாடிக்கு ஏறக்குறைய 90 மீட்டர் வேகத்தில் வரும். தோலில் பட்டால் கன்றிப்போகும், கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம். முகமூடி இல்லாமல் களத்தில் நிற்கவே கூடாது. ஒளிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. முகாம்கள் பின்னாளில் லேசர் பக்கம் சாய்ந்ததற்கு இது முக்கியக் காரணம்.

சுவர் இல்லாத விளையாட்டு

1986-இல் வேர்ல்ட்ஸ் ஆஃப் வொண்டர் என்ற நிறுவனம் 'லேசர் டேக்' என்ற பெயரில் வீட்டிலேயே விளையாடும் பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயரில்தான் லேசர். உள்ளே இருந்தது தொலைக்காட்சி ரிமோட்டில் உள்ள அதே அகச்சிவப்பு ஒளி. 'டேக்' என்பது வேறு ஒன்றுமில்லை, நம் 'ஓடிப்பிடித்து' விளையாட்டுதான். கைக்குப் பதிலாக ஒளி தொடுகிறது, அவ்வளவுதான். பொம்மை அமோகமாக விற்றது. நான்கு சுவருக்குள் இருந்த விளையாட்டு தெருவுக்கும் பூங்காவுக்கும் வந்துவிட்டது.

1987 ஏப்ரலில் அந்த இடி விழுந்தது. கலிஃபோர்னியாவின் ராஞ்சோ குகமாங்கா நகரில், ஒரு தொடக்கப்பள்ளி வளாகத்தில் இளையர் சிலர் இரவு நேரத்தில் லேசர் டேக் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆயுதம் தாங்கிய சிலர் நடமாடுவதாகக் காவல்துறைக்குத் தகவல் போனது. வந்த அதிகாரிக்கு அது விளையாட்டு என்று தெரியாது. இருளிலிருந்து பாய்ந்து வந்த 19 வயது இளையருக்கோ, எதிரே நிற்பவர் ஆட்டக்காரர் இல்லை என்று தெரியாது. பொம்மையின் ஒளி மின்னியது. பதிலுக்கு வந்தது நிஜத் தோட்டா. அந்த இளையர் இறந்துபோனார்.

மறு ஆண்டே, 1988-இல், அமெரிக்கா சட்டம் இயற்றியது. பொம்மைத் துப்பாக்கியின் முனையில் பளிச்சென்ற ஆரஞ்சு நிற அடையாளம் கட்டாயமானது. ஆனால் நிறம் மட்டும் உயிரைக் காக்குமா? 2014 நவம்பரில் கிளீவ்லந்து நகரப் பூங்கா ஒன்றில், ஆரஞ்சு முனை இல்லாத ஒரு விளையாட்டுத் துப்பாக்கியை வைத்திருந்த 12 வயதுச் சிறுவன் காவலரால் சுடப்பட்டு இறந்த செய்தி உலகையே உலுக்கியது.

இரண்டு சம்பவத்திலும் அந்த ஒளியோ பொம்மையோ யாரையும் காயப்படுத்தவில்லை. இங்கே விளையாட்டு நடக்கிறது என்பதை மற்றவருக்குச் சொல்லும் எல்லை அந்த இடத்தில் இல்லை. உயிர் போனது அதனால்தான்.

மீண்டும் திறந்தவெளிக்கு

1990-களில் லேசர் விளையாட்டு பெரும்பாலும் உள்ளரங்கிலேயே வளர்ந்தது. அதை முறையாகத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்தவர்களில் ஆஸ்திரேலியர்கள் முக்கியமானவர்கள். 1999-இல் குவீன்ஸ்லாந்தில் தொடங்கிய பேட்டில்ஃபீல்ட் ஸ்போர்ட்ஸ் அவற்றுள் ஒன்று. துப்பாக்கிச் சட்டம் கடுமையாக உள்ள நாடு அது. பல மாநிலங்களில் பெயின்ட்பால் கருவிகூட ஆயுதச் சட்டத்துக்குள் வரும். எதையும் பாய்ச்சாத ஒளிக் கருவிக்கு அங்கே வரவேற்பு இருந்ததில் வியப்பில்லை.

வெயிலில் இது எப்படி வேலை செய்கிறது? சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. அதோடு கலந்து தொலைந்துவிடாமல் இருக்க, கருவியின் ஒளி வினாடிக்குப் பல்லாயிரம் முறை துடிக்கும். உணர்கருவி அந்தத் துடிப்பை மட்டும் அடையாளம் காணும். முன்னால் உள்ள வில்லை ஒளியைக் குவித்து நூறு மீட்டருக்கு அப்பாலும் அனுப்பும். சுட்டவர் யார், எந்த அணி என்ற விவரமும் அந்தத் துடிப்பிலேயே போய்விடும்.

இப்படித்தான் அது முகாம் பட்டியலில் ஏறியது. முகாமுக்கு வந்ததும் கருவிக்குத் திரும்பவும் எல்லை கிடைத்தது. குறித்த இடம், விசில் அடிக்கும் நடுவர், தொடக்கம், முடிவு. பல நிறுவனங்கள் 'துப்பாக்கி' என்ற சொல்லையே தவிர்த்து 'டேகர்' என்கின்றன.

சாரணர் சொல்லும் மறுப்பு

ஆனாலும் எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. 2025-இல் 'ஸ்கௌட்டிங் அமெரிக்கா' என்று பெயர் மாற்றிக்கொண்ட அமெரிக்கச் சாரணர் இயக்கம், ஒருவரை ஒருவர் குறிவைக்கும் விளையாட்டுகளைத் தன் பாதுகாப்பு விதிகளில் நெடுநாளாகத் தடை செய்திருந்தது. பெயின்ட்பால், லேசர் டேக், ஏன், பந்தெறிந்து ஆடும் 'டாட்ஜ்பால்'கூட அந்தப் பட்டியலில் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே இயக்கம் நிஜத் துப்பாக்கி சுடுவதற்குத் திறன் பதக்கம் வழங்குகிறது! இதில் முரண்பாடு இருப்பதாகத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் அவர்கள் போட்ட கோடு தெளிவாகவே இருந்தது. பலகையைக் குறிவைக்கலாம், மனிதனைக் குறிவைக்கக் கூடாது. படைத் தளபதி ஒருவர் தொடங்கிய இயக்கம் இந்தக் கோட்டைப் போட்டது என்பதை நாம் மதிக்கத்தான் வேண்டும்.

அந்தக் கோட்டை நாமும் ஏற்க வேண்டுமா? என் கருத்தைச் சொல்கிறேன். போர் விளையாட்டை ஒழித்துவிட முடியும் என்று நான் நம்பவில்லை. கருவி கொடுக்காவிட்டாலும் பிள்ளைகள் விரலையே துப்பாக்கியாக நீட்டுவார்கள். கன் 1861-இல் செய்தது போல, அந்த ஆசையை நல்லவர் கையில், நல்ல எல்லைக்குள் ஒப்படைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். திறந்தவெளியில் ஓடி, ஒளிந்து, தோழனுக்குக் காவல் நின்று, தோற்றால் ஒப்புக்கொண்டு வெளியேறும் ஒரு மணி நேரம், அறைக்குள் தனியாகத் திரையைச் சுடும் ஒரு மணி நேரத்தைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் அந்த எல்லை இருக்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு. நம் வட்டாரத்தில் கோடை என்ற தனிப் பருவம் இல்லை. ஜூன் விடுமுறையும் ஆண்டிறுதி விடுமுறையும்தான் நமக்குக் கோடைக்காலம். அப்போது பிள்ளையின் பெயரைப் பதிவு செய்யும் முன் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். களத்தின் எல்லை எது? வெளியாள் உள்ளே வந்துவிட்டால் ஆட்டத்தை நிறுத்துவது யார்? கருவி தூரத்தில் பார்க்கும்போதே பொம்மை என்று தெரியுமா? ஆட்டம் முடிந்ததும் கருவிகளை எண்ணி வாங்கி வைப்பார்களா? கொடியைக் காப்பது, காயம்பட்டவரை மீட்பது போன்ற ஆட்டங்களும் உண்டா, அல்லது அதிகம் சுட்டவருக்கு மட்டும்தான் பரிசா? குறிவைக்கப் பிடிக்காத பிள்ளைக்கு வேறு பொறுப்பு கொடுப்பார்களா?

தயங்காமல் பதில் சொல்பவரிடம் பிள்ளையை அனுப்பலாம். "அதெல்லாம் சும்மா விளையாட்டுதானே அம்மா" என்று சிரிப்பவரிடம் கொஞ்சம் யோசியுங்கள். சும்மா விளையாட்டுதான் என்று நினைத்த ஓர் இளையர் 1987-இல் வீடு திரும்பவில்லை.