வீட்டுக்கு எத்தனை ரூட்டர்?

மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை. இரண்டாவது ரூட்டர் ஒன்றை இணைக்கலாமா? விடை காணச் சற்று வரலாற்றைப் பார்ப்போம்.

1981-இல் வகுக்கப்பட்ட இணைய முகவரி 32 பிட் நீளமுள்ளது. ஆகவே, மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு. இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15-இல். அதற்கு முன்பே, முகவரிகள் தீர்ந்துவிடுமோ என்ற கவலை பிறந்துவிட்டது! 1994-இல் எகெவாங், பிரான்சிஸ் என்ற இருவர் தற்காலிகமாக ஒரு வழி கூறினர். வீட்டிலுள்ள கருவிகள் அனைத்துக்கும் வெளியுலகில் ஒரே முகவரி போதும். ரூட்டர் முகவரியை மாற்றி அனுப்பும். வரும் பதிலை உரிய கருவியிடம் சேர்க்கும். 192.168 என்று தொடங்கும் எண்கள் அத்தகைய உள்முகவரிகளே. 2011 பிப்ரவரியில் உலகப் பொது இருப்பு தீர்ந்தது. தற்காலிக வழியோ நிலைத்துவிட்டது.

இரண்டாவது ரூட்டரும் முகவரியை மாற்றினால் என்ன ஆகும்? மாடியிலுள்ள பிரின்டரைக் கீழ்த்தளக் கணினி காணாது. மாடிக் காமிராவை வெளியூரிலிருந்து நேரே தொடர்புகொள்வதும் கடினமாகும்.

விழுப்புரம் சந்திப்பை எண்ணிப் பாருங்கள். சென்னை, திருச்சி, காட்பாடி, புதுச்சேரிப் பாதைகள் அங்கே பிரிகின்றன. சென்னைப் பாதையிலுள்ள திண்டிவனத்திலோ பயணிகள் ஏறி இறங்கினால் போதும். வீட்டுக்கு ஒரு விழுப்புரம் போதும். மாடிக்கு வேண்டியது ஒரு திண்டிவனமே! ஆகவே, இரண்டாவது ரூட்டரை 'அக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றி, முதல் ரூட்டருடன் கம்பியால் இணையுங்கள். பழைய ரூட்டரே பெரும்பாலும் இதற்குப் போதும்.

கீழே கடை, மேலே வீடு என்றிருந்து, வீட்டுக் கருவிகளைக் கடையிலிருந்து மறைக்க விரும்பினால் மட்டும் மாடியில் தனி ரூட்டர் பொருந்தும். பிரிக்க வேண்டுமா, நீட்ட வேண்டுமா? இதை முடிவு செய்த பின்பே கடைக்குச் செல்லுங்கள்.