இணையக் கடையின் முத்திரை: ஒரு சின்னப் பூட்டின் வரலாறு

ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். காலையில் பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டு இரவு வீடு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் வணிகக் கணக்கில் அது வேறு மாநிலம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வரும் வரை, ஓசூர் சரக்கு எல்லை தாண்ட வேண்டுமானால் ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் லாரி நின்றாக வேண்டும். பில்லையும் படிவத்தையும் பார்ப்பார்கள், முத்திரை குத்துவார்கள், வண்டி நகரும்.

அந்த முத்திரைக்கு என்ன அர்த்தம்? சரக்கு தரமானது என்றா? இல்லை. 'இது இன்னாருடைய சரக்கு, காகிதம் சரியாக இருக்கிறது' என்பது மட்டும்தான்.

இணையத்தில் கடை போடுகிறவர்களுக்கும் இப்படி ஒரு முத்திரை உண்டு. அதன் பெயர் பாதுகாப்புச் சான்றிதழ். முகவரிப் பட்டையில் பல வருடங்கள் ஒரு சின்னப் பூட்டாகத் தெரிந்தது இதுதான். இது எப்படி வந்தது, இதற்கு யார் விலை வைத்தார்கள், ஒரு சிறு கடைக்காரருக்கு இது எப்போது கைக்கெட்டியது என்பது சுவாரசியமான கதை.

முதலில் ஒரு சி.டி. விற்றது

1994 ஆகஸ்ட் 11. அமெரிக்காவில் நெட்மார்க்கெட் என்ற சிறு நிறுவனத்தின் தளத்தில், ஸ்டிங் என்ற பாடகரின் சி.டி. ஒன்று 12.48 டாலருக்கு விற்றது. விலையோடு தபால் செலவு தனி. வாங்கியவர் தன் கிரெடிட் கார்டு எண்ணைச் சங்கேதமாக மாற்றி அனுப்பினார். இணையத்தில் நடந்த முதல் பாதுகாப்பான வியாபாரம் என்று பலரும் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். மறுநாளே நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்தது!

ஆனால் அந்த முறைக்குத் தனி மென்பொருள் தேவைப்பட்டது. சாதாரண ஆள் செய்கிற காரியமில்லை. 1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனம் எஸ்.எஸ்.எல். என்ற முறையைத் தன் பிரவுசரிலேயே வைத்துக் கொடுத்தது. வாங்குகிறவர் எதுவும் செய்ய வேண்டாம். பிரவுசரும் கடையின் சர்வரும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை முடிவு செய்துகொள்ளும். நடுவில் ஒட்டுக் கேட்பவருக்குக் குப்பை எழுத்துகள்தான் கிடைக்கும்.

இங்கே ஒரு சிக்கல். நாம் ரகசியமாகப் பேசுவது சரி, யாரோடு பேசுகிறோம்? திருடனோடும் ரகசியமாகப் பேசலாமே! 'இந்த முகவரி இந்தக் கடைக்காரருடையதுதான்' என்று மூன்றாவது ஆள் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். அந்தச் சாட்சிக் கடிதம்தான் சான்றிதழ். அதைக் கொடுப்பவர் சான்றளிப்பு நிறுவனம். யார் யார் சாட்சியை ஏற்பது என்ற பட்டியல் பிரவுசருக்குள்ளும் கம்ப்யூட்டருக்குள்ளும் முன்கூட்டியே இருக்கும்.

இரண்டு சி.ஏ.க்கள்

சான்றளிப்பு நிறுவனத்தையும் ஆங்கிலத்தில் சுருக்கமாக சி.ஏ. என்றுதான் சொல்வார்கள். பி.காம். படிப்பவர்களுக்கு சி.ஏ. என்றால் ஆடிட்டர்தான் நினைவுக்கு வருவார். இரண்டுக்கும் தொடர்பும் இருக்கிறது. சாட்சி சொல்கிற நிறுவனத்தை யார் சோதிப்பது என்ற கேள்வி வந்தபோது, அமெரிக்க, கனடா கணக்காளர் அமைப்புகள் சேர்ந்து வெப்டிரஸ்ட் என்ற தணிக்கை விதிகளை உருவாக்கின. அதாவது ஒரு சி.ஏ.வைத் தணிக்கை செய்ய இன்னொரு சி.ஏ. வந்தார்!

சாட்சி சொல்வது பெரிய வியாபாரமாகவும் ஆனது. 1995-ல் அமெரிக்காவில் வெரிசைன் தொடங்கியது. அதே வருடம் தென்னாப்பிரிக்காவில் மார்க் ஷட்டில்வொர்த் என்ற இளைஞர் பெற்றோர் வீட்டு கார் ஷெட்டில் தாட் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார். 1999 டிசம்பரில் அதை வெரிசைன் சுமார் 575 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அந்தப் பணத்தில் அவர் 2002-ல் விண்வெளிக்குப் போய் வந்தார், 2004-ல் உபுண்டுவைக் கொண்டு வந்தார்.

இந்தியாவில்

பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. 1999-ல் ஓசூருக்குப் பக்கத்து ஊரான பெங்களூரிலேயே ஃபேப்மார்ட் என்ற இணையக் கடை வந்தது. 2000 அக்டோபர் 17-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சான்றளிப்பு நிறுவனங்களுக்கு உரிமம் தர மத்திய அரசில் ஒரு கட்டுப்பாட்டாளர் பதவியை அந்தச் சட்டம் உண்டாக்கியது. 2002-ல் முதல் உரிமம் பெற்ற சேஃப்ஸ்கிரிப்ட், சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவேயின் நிறுவனம்.

ஆனால் இந்த உரிமம் முக்கியமாக டிஜிட்டல் கையெழுத்துக்காக. கம்பெனிப் பதிவாளருக்கு ஆன்லைனில் படிவம் அனுப்ப ஆடிட்டர்கள் யு.எஸ்.பி. டோக்கனைச் செருகுவார்களே, அது. கடையின் தளத்துக்குப் பூட்டு வேண்டுமென்றால் அந்தச் சட்டம் போதாது. உலகத்தின் பிரவுசர்கள் ஏற்றுக்கொண்ட நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும்.

அங்கேதான் சிறு கடைக்காரர் மாட்டிக்கொண்டார். பெயர் பெற்ற நிறுவனங்களின் சான்றிதழுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான டாலர். கம்பெனிக் காகிதங்களை அனுப்ப வேண்டும், தொலைபேசியில் சரிபார்ப்பார்கள். இதற்கு மேல் தளத்துக்குத் தனி ஐ.பி. முகவரியும் வேண்டும். ஒரே ஐ.பி.யில் பல தளங்களுக்குச் சான்றிதழ் வைக்கும் வழி 2003-லேயே வகுக்கப்பட்டுவிட்டது. ஆனால் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு அது புரியாது. அன்றைக்கு பிரவுசிங் சென்டர்களில் வேறு என்ன இருந்தது?

ஓசூரில் ரோஜாவோ, கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழோ விற்கிற ஒருவர் மாதம் பத்து ஆர்டருக்காக இத்தனை செலவு செய்வாரா? அதனால் ஒரு குறுக்கு வழி பிறந்தது. பணம் கட்டும் நேரம் வந்ததும் வாடிக்கையாளரை சிசிஅவென்யூ, பில்டெஸ்க் மாதிரி பேமென்ட் கேட்வேயின் பக்கத்துக்கு அனுப்பிவிடுவது. பூட்டு அவர்கள் பக்கத்தில் இருக்கும். கார்டு எண் தப்பித்தது. ஆனால் கடையின் பக்கத்தில் டைப் செய்த பெயர், வீட்டு முகவரி, செல்போன் எண், பாஸ்வேர்டு எல்லாம் திறந்த தபால் அட்டை போலத்தான் போயின.

2009 ஆகஸ்ட் 1 முதல், கார்டில் அச்சிட்ட எண்கள் மட்டும் போதாது, இன்னொரு சரிபார்ப்பும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. 2010-ல் ஃபிளிப்கார்ட் 'பொருள் வந்ததும் பணம்' முறையைக் கொண்டு வந்தது. நம்பிக்கைக்குப் பதிலாக வாசலில் ரொக்கம். முத்திரை வாங்க முடியாத சிறு கடைகளுக்கும் அதுவே வழியானது.

முத்திரையே திருடு போன நாள்

2014 ஜூலை 2. கூகுளின் முகவரிகளுக்குப் போலிச் சான்றிதழ்கள் உலவுவதை கூகுள் கண்டுபிடித்தது. கொடுத்தது யார்? இந்திய அரசின் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவு. மறுநாளே அந்தப் பிரிவின் இடைநிலைச் சான்றிதழ்களைக் கட்டுப்பாட்டாளர் ரத்து செய்தார். சான்றிதழ் வழங்கும் முறைக்குள் யாரோ ஊடுருவியதாகவும், தவறாகப் போனவை நான்கு என்றும் விளக்கம் தரப்பட்டது. கூகுளோ, அந்த நான்குக்கு மேலும் இருப்பதாகச் சொன்னது. இந்திய அரசின் மூலச் சான்றிதழை அரசு, கல்வி மற்றும் ஒருசில நிறுவனங்களின் முகவரிகளுக்கு மட்டுமே ஏற்போம் என்று குரோமில் எல்லை போட்டது.

ஒரு நாட்டின் அரசு முத்திரைக்கு எல்லை போட்டது ஒரு பிரவுசர்! சட்டம் டெல்லியில் இருந்தாலும், பட்டியல் கலிபோர்னியாவில் இருக்கிறது என்பது அன்று தெளிவாகப் புரிந்தது. பிற்பாடு பெங்களூரின் இமுத்ரா நிறுவனம், எம்சைன் என்ற பெயரில் தன் மூலச் சான்றிதழ்களை அந்தப் பட்டியலில் சேர்த்தது. அதற்கும் உலகத் தணிக்கையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

விலை பூஜ்யமானது

அதே 2014 நவம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் திட்டம் அறிவிக்கப்பட்டது. மொஸில்லா ஊழியர்களும், மின்னணு உரிமைகளுக்கான இ.எஃப்.எஃப். அமைப்பும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்த முயற்சி. சான்றிதழ் இலவசம். ஆள் வேண்டாம், காகிதம் வேண்டாம். முகவரி உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதை உங்கள் சர்வரே நிரூபித்துக் காட்டினால் போதும். 2015 டிசம்பரில் எல்லோருக்கும் திறந்தார்கள். 2020 பிப்ரவரியில் நூறு கோடியாவது சான்றிதழைக் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு பக்கம் கட்டாயமும் வந்தது. 2018 ஜூலையில் குரோம், சான்றிதழ் இல்லாத எல்லாத் தளங்களுக்கும் 'பாதுகாப்பற்றது' என்று பட்டம் கட்ட ஆரம்பித்தது. வாசலில் அப்படி ஒரு போர்டு தொங்கினால் எந்தக் கடைக்கு ஆள் வருவார்கள்? நல்ல வேளையாக அதற்குள் பூட்டு இலவசமாகியிருந்தது. தளத்தை வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் பலவும் ஒரு பொத்தானில் அதைப் போட்டுத் தந்தன.

ஆனால் போட்டால் மட்டும் போதாது. பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதிய எச்.டி.டி.பி.எஸ். முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும். பக்கத்துக்குள் இருக்கும் படங்களும் பூட்டோடு வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் புதுப்பித்தல். லெட்ஸ் என்கிரிப்டின் வழக்கமான சான்றிதழ் 90 நாளில் காலாவதி. அது மறந்துபோனால் பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டும், தீபாவளி சீசனில் ஷட்டர் இறக்கிய மாதிரிதான். சான்றளிப்பு நிறுவனங்களும் பிரவுசர்காரர்களும் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, எந்தச் சான்றிதழுக்கும் உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச்சில் 100 நாள், 2029 மார்ச்சில் 47 நாள். கையால் புதுப்பிக்கும் காலம் முடிகிறது.

பூட்டு சொல்லாதது

இலவசம் என்றால் மோசடிக்காரருக்கும் இலவசம்தான். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி அருகே ஆலை வைத்த ஓலா எலக்ட்ரிக், 2021 செப்டம்பரில் தன் ஸ்கூட்டர்களை ஷோரூம் இல்லாமல் ஆன்லைனிலேயே விற்க ஆரம்பித்தது. அடுத்த வருடம் நவம்பரில், அதே ஸ்கூட்டரின் பெயரில் போலித் தளம் வைத்துப் பலரை ஏமாற்றியதாக 20 பேரை டெல்லி போலீஸ் கைது செய்தது. ஒரு எழுத்து மாறிய போலி முகவரிக்கும் முறையாகச் சான்றிதழ் கிடைக்கும். அந்த முகவரி அவருடையது என்பது உண்மைதானே!

பூட்டைப் பார்த்து ஜனங்கள் 'நல்ல கடை' என்று நினைத்துவிடுகிறார்கள் என்பதால்தான் 2023 செப்டம்பரில் குரோம் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. நிறுவனத்தின் பெயரைப் பச்சையில் காட்டும் விலை உயர்ந்த சான்றிதழின் அடையாளமும் 2019-லேயே போய்விட்டது.

ஜூஜூவாடி முத்திரை மாதிரியேதான் இதுவும். வழியில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை, முகவரி சரி. அவ்வளவுதான் அது சொல்லும். முப்பது வருடத்தில் அந்த முத்திரை நூற்றுக்கணக்கான டாலரிலிருந்து பூஜ்யத்துக்கு வந்து, ஓசூர் கடைக்காரரையும் பெரிய கம்பெனியையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. பெட்டியைத் திறந்தால் சொன்ன சரக்கு இருக்குமா என்பதற்கு மட்டும் இன்றும் கடைக்காரர்தான் சாட்சி. அதற்கு எந்த சி.ஏ.வும் கையெழுத்துப் போடுவதில்லை!