தொண்டும் நீதியும்



வெள்ளாற்றங்கரைப் புவனகிரியில் தறி நெய்வோரையும் நெல்லறுப்போரையும் கண்டு வளர்ந்தவன் நான். கூலி என்பது எனக்கு வெறும் ஏட்டுச் சொல்லன்று.

1891ஆம் ஆண்டில் போப்பரசர் பதின்மூன்றாம் லியோ, தொழிலாளர் நிலை குறித்துச் சுற்றுமடல் ஒன்று விடுத்தார். உழைப்பவன் வாழப் போதிய கூலி பெறுதல் இயற்கை நீதி. வறுமைக்கு அஞ்சி அவன் குறைந்த கூலிக்கு இசைந்தாலும் அஃது அநீதியே என்பது அதன் சாரம்.

அந்நெறியில் வந்தது, 1924இல் சென்னையில் தோன்றிய கத்தோலிக்கக் கல்லூரி மாணவர் இயக்கம். 1950களில் பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைத் துறவி பியர் செராக் அடிகளார் அதற்கு வழிகாட்டினார். மாணவர்கள் சிற்றூர்களுக்குச் சென்று தொண்டாற்றினர்.

எனினும், தொண்டு மட்டும் போதுமா? 1968 டிசம்பர் 25ஆம் நாள், அந்நாளைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் எரிந்து மாண்டனர். 1970இல் பூந்தமல்லியில் கூடிய அம்மாணவர்கள், அநீதியான சமுதாயத்தை மாற்றுவதே தம் கடமை எனப் பிரகடனம் செய்தனர். இரக்கத்தினின்று நீதிக்கு எடுத்துவைத்த அடி அது.

இன்று வெள்ளாறு பெருகுங்கால் சோற்றுப் பொட்டலம் சுமக்கும் மாணவரை நான் போற்றுகிறேன். நீர் வடிந்தபின், பத்து நாள் வேலையின்மையைத் தாங்கும் கூலி அவ்வீட்டாருக்கு ஏன் கிட்டவில்லை என்றும் அவர் கேட்பாராயின், அத்தொண்டு நிறைவுறும்.