ஆங்கில வாத்தியார் திறந்த சந்தை



உங்களில் பலர் லேத் பட்டறை, பம்ப் உதிரிபாகம், பனியன் தையல் என்று சிறுதொழில் நடத்துகிறீர்கள். "ஆன்லைனில் சரக்கைப் போட்டால் ஆர்டர் வருமா சார்?" என்று கேட்பவர்களுக்காக இந்தச் சின்ன வரலாறு.

1990களில் சீனாவின் சிறு தொழிற்சாலைக்காரர் வெளிநாட்டுக்கு விற்க வேண்டுமானால், பெரும்பாலும் அரசின் வணிக நிறுவனத்தையோ ஹாங்காங் தரகரையோதான் நம்பியிருந்தார். லாபத்தில் பெரும்பங்கு நடுவில் போய்விடும். வாங்குபவர் யார் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

1999இல் ஹாங்சோ நகரில் ஜாக் மா என்பவர் 17 பேருடன் தன் வீட்டிலேயே அலிபாபாவைத் தொடங்கினார். அவர் முன்பு ஆங்கில வாத்தியார், நம்ம தொழில்காரர்தான்! சரக்கின் படத்தையும் விவரத்தையும் ஆங்கிலத்தில் போட்டால் வெளிநாட்டு வியாபாரி நேரே தேடி வருவார் என்பதே அவர் கணக்கு. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2003இல் சார்ஸ் நோயால் வியாபாரிகளின் பயணம் தடைபட்டபோது இணையச் சந்தை சூடுபிடித்தது.

நம் நாட்டில் இந்தியாமார்ட் 1996லேயே வந்துவிட்டது. ஆனால் 2001 ஏப்ரல் 1 முதல், கடைசியாக மிச்சமிருந்த 715 பொருள்களுக்கும் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடு நீங்கியது. பிறகு நம்மூர் வியாபாரியும் அலிபாபாவில் சீன விலையைப் பார்த்துவிட்டு வந்து நம்மிடம் பேரம் பேசலானார். கதவைத் திறந்தால் வாடிக்கையாளர் மட்டுமா வருவார்? போட்டிக்காரரும்தான் வருவார்.

2011இல் இன்னொரு பாடம். அலிபாபாவின் நம்பிக்கை முத்திரை பெற்ற 2,300க்கும் மேற்பட்ட விற்பனையாளர்கள் மோசடிக்காரர்கள் என்று தெரியவந்தது. தலைமை நிர்வாகி டேவிட் வெய்க்கு மோசடியில் பங்கில்லை. ஆனாலும் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். சந்தையில் உண்மையான முதல் நம்பிக்கைதான் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

ஆகவே பிள்ளைகளே, தாராளமாகக் கடை போடுங்கள். ஆனால் விலையை மட்டும் காட்டிப் போட்டி போடாதீர்கள். அதில் தோற்பவர் எப்போதும் சின்னவர்தான். ஐம்பது உருப்படி கேட்டாலும் செய்து தருவது, சொன்ன தேதிக்கு அனுப்புவது, பழுதென்றால் மறுநாளே ஆள் அனுப்புவது - இவையெல்லாம் கப்பலில் வரும் கன்டெய்னரால் முடியாதவை. உங்கள் பக்கத்தில் முதல் வரியாக இவற்றை எழுதுங்கள். எழுதியபடி நடந்துகொள்ளுங்கள்.